கழுவிய பீங்கான்

லாபிர் கொண்டுபோன செய்தி மூதூர் போய்ச் சேர்ந்ததா, உம்மு குல்சுமின் மனம் அசைந்ததா என்று போன கிழமை முழுக்க என்னைக் கேட்டுத் துளைத்துவிட்டீர்கள். சேர்ந்தது. அசைந்தது. ஆனால் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதில்தான் வில்லங்கம்.

இன்றைக்குத்தான் இந்த வீட்டுக்குள் வருகிறவர்களுக்காக நாலு வரி. ஸைனுலாப்தீன் முதலாளிக்குத் திருகோணமலை உள்துறைமுக வீதியில், மூதூர் லோஞ்சிப் படகு வந்து கட்டும் ஜெட்டிக்குக் கூப்பிடு தூரத்தில், முன்னால் கடை, பின்னால் வீடு. பழைய சீனப் பீங்கான் வாங்கி விற்பது தொழில். மூதூர், கிண்ணியா, புல்மோட்டை என்று அலைந்து, கலியாணத்துக்கும் கந்தூரிக்கும் சோறு போட்டுத் தேய்ந்த நீல வெள்ளைப் பீங்கான்களை வாங்கி வருவார். முன்பெல்லாம் கடற்படை வெள்ளைக்காரர்கள் அவற்றை அள்ளிக்கொண்டு போனார்கள். அவர்கள் கப்பலேறிப் போன பிறகு கடையில் ஈ ஓட்டுகிறார். இப்போது கொழும்பில் ஒரு பெரிய மனுசர் பழைய பீங்கான் சேர்க்கிறாராம். அவருக்காகத் தேடித் திரிகிறவர் தம்பிராசா.

தம்பிராசா கண் வைத்திருப்பது ஒரு ஜோடியில். விளிம்பு முழுக்க நீலக் கொடியும் பூவும் ஓட, நடுவில் பொட்டுக்கூட இல்லாத வெள்ளை. ஒன்று முதலாளியின் அலுமாரியில் இருக்கிறது. மற்றதை வாப்பா மகளுக்குச் சீதனத்தோடு கொடுத்துவிட்டார். அது மூதூரில், தங்கை உம்மு குல்சுமிடம்.

அண்ணனும் தங்கையும் கதைப்பதில்லை. காரணமும் பீங்கான்தான்.

எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, தட்டு. மற்றது, பள்ளிவாசல் லெப்பை வெள்ளைத் தட்டில் குங்குமப்பூ மையால் குர்ஆன் ஆயத்துகளை எழுதித் தர, அதைப் பன்னீரில் கரைத்து நோயாளிக்குக் குடிக்கக் கொடுப்பது. 'பீங்கான் குடிச்சாச்சா?' என்று யாராவது கேட்டால், தட்டைக் கடித்துத் தின்றாயா என்று கேட்பதாக நினைத்துவிடாதீர்கள்.

உம்மா மூதூரில் நோயோடு கிடந்தபோது, பெரிய பள்ளி லெப்பையிடம் பீங்கான் எழுதுவித்து அனுப்பும்படி குல்சும் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினாள். அலுமாரியில் இருக்கும் அந்தப் பீங்கானிலேயே எழுதுவிக்கட்டும் என்றும் கேட்டாள். அவரோ கடையில் நாலு பேர் நிற்க, "பீங்கானைக் கழுவிக் குடிச்சுச் சுகம் வருமெண்டால் ஆஸ்பத்திரி என்னத்துக்கு?" என்று சிரித்துவிட்டார். உம்மா போய்விட்டா. குடித்திருந்தால் இருந்திருப்பாவா என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். ஆனால் அந்தச் சிரிப்பு கடல் தாண்டி மூதூருக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு குல்சும் அண்ணன் வீட்டு வாசல் மிதிக்கவில்லை.

அப்படியிருக்க, ஜோடி மேல் ஆசைப்பட்ட முதலாளி, குல்சுமின் மருமகன் லாபிரிடம் போன கிழமை சொல்லி அனுப்பியது ஒரே ஒரு வசனம்.

"உங்கட மாமியிட்டச் சொல்லு, காக்கா பீங்கானைக் கொண்டு வரச் சொன்னவர் எண்டு."

காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். லாபிர் துறைமுகத்தில் வின்ச் ஓட்டுகிறவன். சொன்னதைச் சொன்னபடி ஒப்புவித்துவிட்டான். அவன் மனைவி பரீனா, குல்சுமின் ஒரே மகள், இரண்டு பிள்ளைகளை வயிற்றிலேயே பறிகொடுத்தவள். இப்போது மூன்றாவதைச் சுமந்துகொண்டு, ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இருக்க வேண்டுமென்று மாமா வீட்டில்தான் தங்கியிருக்கிறாள். மகள் அங்கே இருக்கும்போது, காக்கா 'பீங்கான்' என்று சொல்லி அனுப்பினால் ஒரு தாய் எதை நினைப்பாள்?

காலை லோஞ்சியில் வந்து இறங்கிவிட்டாள்.

*

வாசலில் நின்ற தங்கையைக் கண்டதும் முதலாளிக்குக் கை கால் ஓடவில்லை. முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, துணியில் கட்டிய பொட்டலத்தை இரண்டு கையாலும் ஏந்தியபடி நின்றாள். மெலிந்திருந்தாள். காதோர மயிர் நரைத்திருந்தது. இத்தனை காலம் பாராமல் இருந்துவிட்டோமே என்று அவருக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது.

"அஸ்ஸலாமு அலைக்கும், காக்கா."

"வஅலைக்கும் ஸலாம். வா... வா குல்... வா, உள்ளுக்கு வா."

பேரைச் சொல்ல வந்த வாய் பாதியில் நின்றுவிட்டது. பழக்கம் விட்டுப்போனால் அப்படித்தான்.

"நீங்க சொன்னதாக லாபிர் வந்து சொன்னவர். நம்பவே ஏலாமப் போச்சு. திருப்பித் திருப்பிக் கேட்டனான், காக்காதான் சொன்னவரா எண்டு. இந்தாங்க, கொண்டு வந்திருக்கன்."

"நல்லது, நல்லது. இவ்வளவு கெதியில வருவாயெண்டு நான் நினைக்கல்ல."

"பிள்ளைட விசயமெல்லவா?" என்றவள் பொட்டலத்தை நீட்டினாள். "பவுத்திரம் காக்கா. ஆட்டிப்போடாதீங்க. லோஞ்சியில மடியில வச்சு மூச்சுப் பிடிச்சுக்கொண்டு வந்தனான்."

"எனக்கே சொல்லித் தாறியா? நான் எத்தனை பீங்கான் தூக்கினவன்!"

"பரீனா எங்க?"

"கிளினிக்குக்குப் போட்டா. உன்ட மதினியும் கூடப் போயிருக்கிறா. இப்ப வந்திருவினம்."

குல்சும் ஒரு கணம் அவர் முகத்தையே பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"காக்கா, பிள்ளைக்கு நீங்களே உங்கட கையால குடுங்க. எனக்கு அது போதும்."

அவர் தலையாட்டினார். விற்று வருவதை மகளுக்கே கொடுத்துவிடச் சொல்கிறாள், தனக்கென்று ஒன்றும் வேண்டாம் என்கிறாள் என்று விளங்கிக்கொண்டார். பெரிய மனசுதான் என்று நெகிழ்ந்தும் போனார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மனதாரப் பாராட்டிக்கொண்டார்கள். இரண்டு பேர் பேசியதும் வேறு வேறு விசயம்.

குல்சும் கை கால் கழுவி ஒழுச் செய்துகொண்டு தொழ உள்ளே போனாள்.

*

இந்த இடத்தில் முதலாளியின் தொழில் வழக்கம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

வீடுகளிலிருந்து வரும் பீங்கானை அவர் அழுக்கோடு பார்க்கமாட்டார். நெய்யும் கரியும் படிந்ததைப் பார்த்தால் கண் ஏமாற்றும், நல்லதையும் மட்டமென்று சொல்லும் என்பார். கழுவிய பிறகுதான் பார்வை. பொட்டலத்தையும் வெளியில் வைத்து அவிழ்ப்பதில்லை. ஒருமுறை முடிச்சவிழ்க்கும்போது வழுக்கி விழுந்து நல்ல பீங்கானொன்று சுக்குநூறாகப் போயிருக்கிறது. அன்றிலிருந்து, முற்றத்துத் தொட்டியில் சாம்பல் கரைத்த தண்ணீருக்குள் பொட்டலத்தை இறக்கி, தண்ணீருக்குள்ளேயே முடிச்சை அவிழ்ப்பார். வழுக்கினாலும் தண்ணீர் தாங்கிக்கொள்ளும்.

அன்றும் அப்படியே செய்தார்.

துணி விரிந்தது. தண்ணீரில் மஞ்சளாக ஏதோ புகைபோலக் கிளம்பிக் கலைந்து போனது.

"மஞ்சச் சோறு போட்டிருக்கினம் போல" என்று சொல்லிக்கொண்டு, பிழிந்த தேசிக்காய்ப் பாதியால் நடு வெள்ளையை நன்றாகத் தேய்த்தார்.

எடுத்துத் துடைத்து, விரல் நகத்தால் விளிம்பைச் சுண்டினார். ஓசை நீளமாக, சுத்தமாகக் கேட்டது. கீறல் இல்லை. அலுமாரியிலிருந்து தன்னுடையதையும் எடுத்து வந்து, கடை மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

வியாபாரம் மறந்துவிட்டது அவருக்கு. வாப்பா வீட்டில் ஒரே தட்டுராக்கியில் அடுக்கியிருந்தவை. ஒன்றில் நீலம் கொஞ்சம் அடர்த்தி, மற்றதில் கொடி ஒரு இடத்தில் இழுபட்டிருக்கும், வரைந்தவனின் கை தளர்ந்திருக்க வேண்டும். எங்கோ சீனத்தில் ஒரே ஆள் ஒரே நாளில் வரைந்ததென்று அவர் அடித்துச் சொல்வார். பிரித்து வைத்தது தப்பு என்று நினைத்தார். எதைப் பற்றி நினைத்தாரோ தெரியாது.

தம்பிராசாவுக்கு எப்படித்தான் மூக்கில் வியர்த்ததோ, கொஞ்ச நேரத்தில் சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தார்.

"என்ன நானா, சேர்த்துப் போட்டியள்! தங்கச்சியார் ஓம் எண்டவவோ?"

"அவளே கொண்டு வந்து தந்தவள்."

"நடு வெள்ளையாக் கிடக்கிறதிலதான் இதின்ர மதிப்பு, பாருங்கோ. எல்லாரும் மீனும் மானும் கீறி வச்சிருப்பினம். இது சும்மா விட்டிருக்கு. கொழும்பாருக்கு விசர் பிடிக்கப்போகுது. இனி உங்கட கடையை விட்டு வேற இடம் போகமாட்டார்."

முதலாளிக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அந்த நேரம் பார்த்து முதலாளியின் மனைவி றம்லாவும் பரீனாவும் கிளினிக்கிலிருந்து திரும்பினார்கள். பரீனா கதிரையில் மெல்ல உட்கார்ந்தாள். றம்லாவின் முகம் சரியில்லை.

"இஞ்சருங்க, பிள்ளை குறுக்கால கிடக்காம். டொக்டர் பேசினவர். டவுனை விட்டு அசையக் கூடாதாம். லோஞ்சி, வண்டி எதிலயும் ஏறக் கூடாதாம். நோவு வந்தா உடன கொண்டு வரட்டாம். கொஞ்சம் பிந்தினாலும் ரெண்டு உசிருக்கும் ஆபத்தாம்."

பேச்சுச் சத்தம் கேட்டு குல்சும் உள்ளேயிருந்து ஓடி வந்தாள். தாயும் மகளும் கட்டிப்பிடித்து அழுது, ஆறி, பிறகு சிரித்தார்கள்.

"இனி ஒண்டுக்கும் பயப்பிடாத மகள். மாமாவே பீங்கான் கேட்டு ஆள் அனுப்பினவர். உன்ட மாமா! எங்கட லெப்பை சுபஹுத் தொழுதுபோட்டு அந்த இடத்திலேயே இருந்து எழுதித் தந்தவர்." மடியிலிருந்து பன்னீர்ப் போத்தலை எடுத்தாள். "மதினி, ஒரு கோப்பை தாங்க. காக்கா, எங்க பீங்கான்? கொண்டு வாங்க, கரைச்சுக் குடுப்பம்."

முதலாளிக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. முற்றத்துத் தொட்டியில் கலைந்துபோன மஞ்சள், 'உங்கட கையால குடுங்க', 'ஆட்டிப்போடாதீங்க' எல்லாம் ஒன்றாக வந்து தலையில் விழுந்தன.

மேசையில் இரண்டு பீங்கானும் பளிச்சென்று இருந்தன.

குல்சும் இன்னும் மேசைப் பக்கம் பார்க்கவில்லை. பன்னீர்ப் போத்தலின் தக்கையைத் திருகிக்கொண்டே பேசினாள்.

"பிள்ளை நல்லபடியாப் பெத்து எழும்பட்டும் காக்கா. அதுக்குப் பிறகு அந்தப் பீங்கான் உங்கட அலுமாரியிலயே இருக்கட்டும். ரெண்டும் ஒண்டாக் கிடக்கட்டும். எனக்கு இனி மனசில ஒண்டும் இல்ல."

சோதனை என்றால் இதுதான் சோதனை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். கோப்பையை வாங்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய், வெறும் பன்னீரை ஊற்றி வந்து நீட்டினால் யாருக்குத் தெரியப்போகிறது? தங்கை கிடைப்பாள், ஜோடி கிடைக்கும், கொழும்பு வாடிக்கையும் கிடைக்கும். பிள்ளைக்கும் மனத் தைரியம் வரும். நம்பாதவருக்கு வெறும் பன்னீரும் எழுதிய பன்னீரும் ஒன்றுதானே.

நம்பாதவர்தான். ஆனாலும் அது ஏலாது என்று கண்டுகொண்டார். ஏன் ஏலாது என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

"கழுவிப்போட்டன்" என்றார்.

"என்ன?"

"பாக்காமலே தொட்டிக்குள்ள இறக்கிக் கழுவிப்போட்டன், தங்கச்சி. எழுதியிருக்கெண்டு எனக்குத் தெரியாது."

றம்லா தலையில் கை வைத்தாள். "யா அல்லாஹ்! அந்தத் தண்ணி கால்படுற இடத்தில போகக் கூடாது" என்று சட்டியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு, யாரும் மிதிக்காத மாதுளை மரத்தடியில் ஊற்றத் தொடங்கினாள்.

குல்சும் மேசையைப் பார்த்தாள். ஜோடியைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற தம்பிராசாவைப் பார்த்தாள். அவர் கையில் பொதி கட்டக் கொண்டு வந்த வைக்கோலும் சாக்கும் இருந்தன.

"எழுதியிருக்கெண்டு தெரியாதெண்டால்..." மெதுவாகக் கேட்டாள். "பின்ன நீங்க என்னத்தைக் கொண்டு வரச் சொன்னீங்க?"

அவர் கண் மேசைப் பக்கம் போனது.

"தட்டையா?"

"ஓம்."

"விக்கிறதுக்கா?"

"ஓம்."

குல்சும் கத்துவாள், சாபம் போடுவாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அப்ப நீங்க என்னைக் கூப்பிடல்ல?"

முதலாளி தரையைப் பார்த்தார். இந்த மனிதரோடு எனக்கு எத்தனையோ கோபம் உண்டு. அந்தக் கணத்தில் பரிதாபமாகத்தான் இருந்தது.

"ஐயா" என்று குல்சும் தம்பிராசாவைக் கூப்பிட்டாள். "ரெண்டையும் கட்டிக்கொண்டு போங்க. எங்கட காக்கா கேட்டது இதைத்தான். நான் வேற எதையோ நினைச்சு வந்திட்டன்."

"அது வந்து தங்கச்சி... குடும்ப விசயம்... நான் பிறகு வாறன்" என்று தம்பிராசா சாக்கைச் சுருட்டிக்கொண்டு நழுவினார். அவர் வியாபாரிதான், ஆனால் மனிதர்.

"பரீனா, எழும்பு. பின்னேர லோஞ்சிக்குப் போவம்."

"உம்மா, டொக்டர் அசையக் கூடாதெண்டு சொன்னவர்."

"ரெண்டு பிள்ளையை ஆஸ்பத்திரியிலதானே குடுத்துப்போட்டு வந்தாய்? இந்த வீட்டில இனி நான் ஒரு வாய்த் தண்ணி குடிக்கமாட்டன். நீயும் நிக்க வேணாம்."

"நான் வரல்ல உம்மா. எனக்குப் பயமாக் கிடக்கு."

"அப்ப நான் போறன். தனியக் கிடந்து மாமாட பீங்கானையெல்லாம் பாத்துக்கொண்டிரு."

தாய் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம் அழ, முதலாளி மேசையிலிருந்த தன் பீங்கானை எடுத்தார். தங்கையுடையது இல்லை. உம்மாவுக்காகக் கேட்டபோது கொடுக்காமல் அலுமாரியில் வைத்துப் பூட்டியது. யாருக்கும் ஒன்றும் சொல்லாமல் அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். வாய் திறக்க வேண்டிய இடத்திலெல்லாம் மூடிக்கொள்வது அந்தக் குடும்பத்துக்கே உள்ள வியாதி.

*

பெரிய பள்ளியில் லுஹர் தொழுகை முடிந்து கலீலுர் றஹ்மான் லெப்பை மட்டும் இருந்தார். பீங்கானோடு வந்தவரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"என்ன முதலாளி, பள்ளிக்கும் பீங்கான் விக்க வந்திட்டீங்களா?"

"எழுதித் தாங்க."

"யாரு, நீங்களா கேக்கிறீங்க? ஊரெல்லாம் பகிடி பண்ணின ஆள்!"

"ஓம், நான்தான் கேக்கிறன். பகிடிய நாளைக்குப் பண்ணுங்க லெப்பை. இப்ப எழுதுங்க."

லெப்பை அதற்கு மேல் சீண்டவில்லை. குங்குமப்பூவைப் பன்னீரில் உரைத்து, நாணல் எழுதுகோலைச் சீவினார்.

"யாருக்கு?"

"மருமகளுக்கு. பிள்ளை குறுக்கால கிடக்காம்."

"பேர்?"

"பரீனா."

"உம்மாட பேர்?"

இதற்கெல்லாம் தாயின் பேர் சொல்ல வேண்டும். இன்னாருடைய மகள் இன்னாள் என்றுதான் ஓதுவார்கள். முதலாளிக்குத் தெரிந்த விசயம்தான். ஆனாலும் எதிர்பார்க்கவில்லை. காலையில் பாதியில் நின்ற பேர், இத்தனை வருசம் 'மூதூர் ஆக்கள்' என்று சுற்றி வளைத்தே சொல்லி வந்த பேர்.

"உம்மாட பேர் என்ன முதலாளி?"

"உம்மு குல்சும்" என்றார். "உம்மு குல்சும், என்ட தங்கச்சி."

லெப்பை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார். விளிம்பிலிருந்து சுழன்று சுழன்று நடுவுக்கு எழுத்து இறங்கியது. அந்த வெள்ளை எதற்காக விடப்பட்டதென்று தம்பிராசாவைக் கேட்டால் ஒன்று சொல்வார், கொழும்பார் ஒன்று சொல்வார். முதலாளி ஒன்றும் யோசிக்காமல் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுகிறார் என்பதும் அவருக்குத் தெரியவில்லை.

"முடிஞ்சுது. மை காயட்டும். காய முன்னம் அசைச்சா எல்லாம் ஓடிப்போகும்."

லெப்பை சொல்லி வாய் மூடவில்லை, பள்ளி வாசலில் றம்லா மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"இஞ்சருங்க! எங்கயெல்லாம் தேடுறது உங்களை? நீங்க பீங்கானைத் தூக்கிக்கொண்டு விக்கத்தான் போட்டீங்க எண்டு நினைச்சு, குல்சும் ஒரே பிடியா வெளிக்கிட்டிட்டா. உம்மாவத் தனிய விட ஏலாதெண்டு பரீனாவும் பின்னால போயிட்டாள். நான் மறிச்சன், கேக்கல்ல. ரெண்டு பேரும் ஜெட்டியில நிக்கிறாங்க. கடலும் கொந்தளிச்சுக் கிடக்கு. லோஞ்சி வெளிக்கிடப்போகுது!"

துறைப் பக்கமிருந்து லோஞ்சியின் ஊதல் கேட்டது.

முதலாளி பீங்கானை இரண்டு கையாலும் தூக்கி, மட்டமாகப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். ஈர எழுத்து அசைந்தது. ஓடினால் கலைந்துவிடும். நடந்தால் லோஞ்சி போய்விடும். மழையும் தூறத் தொடங்கியது. அவர் பீங்கானுக்கு மேல் குனிந்துகொண்டு மனைவியைப் பார்த்துக் கத்தினார்.

"நீ ஓடு றம்லா! ஓடிப்போய்ச் சொல்லு, காக்கா கூப்பிடுறார் எண்டு சொல்லு!"

"பீங்கான் எழுதியாச்செண்டு சொல்லவா?"

"அது வேணாம். பீங்கானைப் பத்தி ஒரு சொல்லும் சொல்லாத. குல்சுமைக் கூப்பிடுறார் எண்டு மட்டும் சொல்லு."